காரில் வைத்திருக்கும் காற்றடிக்கும் மெஷினைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிப் பயன்படுத்தும் 12 வோல்ட் காற்றடிக்கும் மெஷின் ஒன்றைப் புதிதாக வாங்கி, நான்கு டயர்களுக்கும் காற்று அடிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். டயரின் பக்கச்சுவரில் 44 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று அச்சாகியிருந்ததால் அந்த அளவையே வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது டயர் பாதியில் இருக்கும்போது மெஷின் நின்றுவிட்டது. அதன் பிறகு அதே சாக்கெட்டில் போன் சார்ஜும் ஏறவில்லை. இதற்கிடையில், சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் போவதானால் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் மைத்துனர் சொல்லியிருக்கிறார்; அது சரியா என்றும் கேட்கிறீர்கள். சாக்கெட்டின் ஃப்யூஸ் எரிந்திருக்கும்; அந்த விஷயம் எளிது, அதற்குப் பிறகு வருகிறேன். உடனே கவனிக்க வேண்டியது அந்த 44.

பக்கச்சுவரில் இருக்கும் எண், குளிர்ந்த நிலையில் அந்த டயருக்குள் வைக்கக்கூடிய உச்ச அளவு. டயரைச் செய்தவர்களுக்கு அது எந்தக் காரில், எவ்வளவு எடைக்கு அடியில் ஓடப் போகிறது என்று தெரியாது; ஆகவே தாண்டக் கூடாத வரம்பை மட்டும் அதில் அச்சிடுகிறார்கள். உங்கள் காருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் காரைச் செய்தவர்கள். அவர்கள் அதை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 30-க்கும் 36-க்கும் இடையில் வரும். முன் சக்கரம், பின் சக்கரம், இரண்டு மூன்று பேர் போகும்போது, வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏறும்போது என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். குடும்பத்தோடு டிக்கி நிறைய மூட்டையோடு ஊருக்குப் போகிறவர்கள்கூட அந்த இரண்டாவது வரிசையைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். 44 வைத்த டயர் உடனே வெடித்துவிடாது. ஆனால் அது உப்பி, தரையில் படும் பரப்பு குறைகிறது. ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது பிடிப்பு போதாது. டிரெட்டின் (தரையில் படும் வரிவரியான பகுதியின்) நடுப்பகுதி மட்டும் தேய்கிறது. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள நெகிழ்வு இல்லாமல் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோக வாய்ப்பு அதிகம். நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்டிக்கரைப் பார்த்து, அந்த அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. குளிர்ந்த டயர் என்றால், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். வெயிலில் ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருக்கவும் கூடாது. சுற்றுப்புற வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் மாறினால் கார் டயரில் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும். ஓடும்போது ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் சூடு பிறக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் நான்கு முதல் ஆறு பி.எஸ்.ஐ. வரை ஏறுவது இயல்பு. பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவும் குளிர்ந்த நிலைக்கான அளவே என்பதால், ஓடும்போது ஏறும் இந்த அளவுக்கு அதில் ஏற்கெனவே இடம் விட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். இது அவருடைய யோசனை மட்டும் இல்லை. வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைப்பது நம் ஊரில் பெரிய வண்டி ஓட்டுநர்கள் முதல் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் வரை பலரும் நம்பிச் செய்கிற பழக்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும்: சூட்டில் காற்று விரியும், டயர் வெடிக்கும், ஆகவே முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைப்போம் என்பது அதன் கணக்கு. ஆனால் டயருக்குள் நடப்பது வேறு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்குகிறது. மடிப்பு அதிகமானால் சூடு அதிகமாகிறது. அந்தச் சூடு ரப்பருக்கும் அதற்குள் ஓடும் இழைகளுக்கும் இடையிலான ஒட்டுதலைத் தளர்த்துகிறது. கடைசியில் டிரெட் உரிந்து வருகிறது அல்லது பக்கச்சுவர் கிழிகிறது. நெடுஞ்சாலை ஓரங்களில் பாம்புச் சட்டைபோலக் கிடக்கும் டயர்த் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் காற்றுக் குறைவாலும் மிகை எடையாலும் சூடேறிப் போனவை நிறைய. காலையில் 33 வைத்துப் புறப்பட்டு, நண்பகலில் 38 காட்டுகிறதே என்று பயந்து 33-க்கு இறக்கினால், மறுநாள் காலையில் அந்த டயரில் 28-தான் இருக்கும். அந்த 28-ஓடுதான் நீங்கள் மறுபடியும் புறப்படுவீர்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

இதற்கு உலகறிந்த ஓர் உதாரணமும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் லட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடியவை. டிரெட் உரிந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்த விவகாரம் அது. தயாரிப்புக் குறை உட்படப் பல காரணங்கள் அதில் பேசப்பட்டன என்றாலும், விபத்துகள் வெப்பம் மிகுந்த தென்மாநிலங்களில் அதிகமாக நடந்ததும், அந்த வண்டிக்கு 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த அளவு பரிந்துரைக்கப்பட்டிருந்ததும் விவாதத்தின் மையத்தில் இருந்தன. டயர் நிறுவனம் 30 வைக்கச் சொன்னது. அதே ஆண்டில் அங்கே கொண்டுவரப்பட்ட சட்டத்தின் விளைவாகத்தான் டயரில் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு புதிய கார்களுக்குக் கட்டாயமானது. ஆனால் அந்த அமெரிக்க விதிப்படி, அளவு கால் பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். 33 வைக்க வேண்டிய டயர் 25-க்கு வந்த பிறகுதான் விளக்கு எரியும் என்றால், விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி நெடுஞ்சாலையில் ஏறுவது போதாது.

வழியில் டயர் சூடாக இருக்கும்போதே காற்றுக் குறைந்திருப்பது தெரிந்தால் என்ன செய்வது? காலை வரை காத்திருக்க முடியாது. ஸ்டிக்கர் அளவுக்கு மேல் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூட்டி அடியுங்கள், இல்லாவிட்டால், அதே அச்சில் உள்ள மற்ற டயரை அளந்து அதற்குச் சமமாக வையுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன் டயரைப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகக் குறைவது எல்லா டயருக்கும் இயல்பு. அப்படி இறங்கியதை ஏற்றுவதில் பயமில்லை. ஆனால் முழுக்க இறங்கிய டயரோடு வண்டி ஓடியிருந்தால் அந்த டயரை நம்பக் கூடாது. ஒருமுறை ஒருவர், காற்றில்லாமல் மூன்று கிலோமீட்டர் ஓட்டிவந்த டயருக்குக் காற்றடித்துவிட்டு, வெளியில் ஒன்றும் தெரியவில்லையே என்று சொன்னார். எதற்கும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று ரிம்மிலிருந்து பிரித்தபோது, உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி கருப்புப் பொடி கொட்டியது. பக்கச்சுவர் தன்மேல் தானே மடிந்து அரைபட்டு உதிர்ந்த ரப்பர் அது. விரலால் உட்புறத்தைத் தடவினால் சுற்றிலும் ஒரு வளையம்போலச் சொரசொரப்பு. வெளிப்பக்கம் பளபளவென்றிருந்த அந்த டயர், அடுத்த முறை நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 33 பி.எஸ்.ஐ. என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ என்று கணக்கிட்டால், உள்ளங்கை அளவு இடத்தை அது 230 கிலோ எடைக்குச் சமமாக உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஆகவே குனிந்து சுற்றிலும் பாருங்கள். பக்கச்சுவரில் முட்டைபோல ஒரு புடைப்பு இருந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதில் காற்றை ஏற்றிப் பார்க்கவே வேண்டாம், டயரை மாற்றுங்கள். இழை தெரியும்படி வெட்டு இருந்தாலும் அப்படியே. டிரெட்டில் ஆணி இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் அந்த ஆணியே பெருமளவுக்கு அடைப்பாக நிற்கிறது. அப்படியே காற்றடித்து, மெதுவாக அருகிலுள்ள பஞ்சர் கடை வரை போய்விடலாம். பிடுங்கினால் உங்கள் சிறிய மெஷின் அடிக்கும் வேகத்தைவிட வெளியேறும் வேகம் அதிகமாகிவிடும். டயரின் ஓரம் ரிம்மிலிருந்து கழன்று இடைவெளி தெரிந்தால், அதைத் திரும்ப உட்கார வைக்கும் அளவுக்கு இந்த மெஷின் காற்றை வேகமாகத் தள்ளாது; அது பஞ்சர் கடையின் பெரிய கம்ப்ரசர் செய்யும் வேலை. எரியும் ஸ்பிரேயை உள்ளே அடித்துத் தீ வைத்து டயரை உட்கார வைக்கும் வித்தையைச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம்.

இனி காற்றடிக்கும் முறை. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். சாலையோரம் என்றால் முடிந்தவரை இடப்பக்கம் ஒதுங்கி, நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது ஐம்பது எட்டு நடந்துபோய் நிறுத்துங்கள். பழுதான டயர் போக்குவரத்துப் பக்கம் இருந்தால், அந்தப் பக்கம் உட்கார்ந்து காற்றடிப்பதைவிடச் சற்று மெதுவாக ஓட்டிப் பாதுகாப்பான இடம் போய்ச் சேருவது மேல். டயர் கெட்டால் பணம்தான் போகும். என்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகே மெஷினைச் செருகுங்கள். ஆனால் மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணம் இல்லாமலே ஆளைச் சாய்த்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் என்ஜினை நிறுத்தி வைத்தே ஒரு டயருக்கு அடிக்கலாம்: 10 ஆம்பியர் இழுக்கும் மெஷின் கால் மணி நேரம் ஓடினால் இரண்டரை ஆம்பியர்-மணி (Ah) அளவு மின்சாரம்தான் செலவாகும், நல்ல நிலையில் உள்ள கார் பேட்டரிக்கு அது பெரிய சுமை இல்லை.

வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் வைத்தால் காணாமல் போகும். அந்த மூடிதான் மண்ணும் நீரும் வால்வு பின்னுக்குள் (வால்வின் உள்ளே காற்றை அடைத்து நிற்கும் ஊசிக்குள்) போகாமல் காக்கிறது. ஹோஸின் முனையை நேராக வைத்து, காற்று சீறும் சத்தம் அடங்கும்வரை திருகுங்கள். சாய்த்து மாட்டினால் மரை கெடும். மெஷினை ஓடவிடாமலேயே இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பிறகு வேண்டிய அளவை அமைக்கும்போது அலகையும் கவனியுங்கள்: ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ., அதுவே 100 கிலோபாஸ்கல்; திரையில் அலகு மாறிக் கிடப்பதைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. மெஷின் ஓடும்போது பக்கச்சுவருக்கு நேர் எதிரில் முகத்தை வைத்து உட்காராதீர்கள். டயர் கிழிந்தால் பெரும்பாலும் பக்கச்சுவர் வழியாகத்தான் வெளியே அடிக்கும்; ஆகவே ஹோஸ் போகும் தூரத்துக்கு மெஷினைத் தள்ளிவைத்து, சக்கரத்தின் முன்பக்கமோ பின்பக்கமோ, டிரெட்டை ஒட்டிய திசையில் நில்லுங்கள். தானாக நிற்கும் வசதி இருக்கிறதே என்று விட்டுவிட்டு வீட்டுக்குள் போகாதீர்கள். அந்த உணர்கருவி ஒருநாள் பழுதானால் மெஷின் நிற்காமல் ஏற்றிக்கொண்டே போகும். காற்றடிக்கும்போது படபடவென்று இழை தெறிக்கும் சத்தமோ, புதிதாக ஒரு புடைப்போ வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து விலகுங்கள். வால்விலிருந்து ஹோஸைக் கழற்றக் கிட்டே போக வேண்டாம்.

நின்ற பிறகு ஹோஸின் பித்தளை முனையை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அழுத்தப்பட்ட காற்றின் சூடு முழுவதும் அந்தச் சிறிய உலோகத்தில் வந்து சேர்கிறது. பத்து நிமிடம் ஓடிய மெஷினின் முனை தோலைக் கொப்பளிக்க வைக்கும். ஒரு துணியால் பிடித்து வேகமாகத் திருகிக் கழற்றுங்கள். அப்போது சிறிது காற்று வெளியேறும் என்பதால் ஒரு பி.எஸ்.ஐ. கூட்டி வைப்பது பழக்கம். பிறகு வால்வின் வாயில் ஒரு துளி சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள்; குமிழ் எழுந்தால் வால்வு பின் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது.

மெஷின் காட்டும் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம் டயருக்குள் இருப்பதைவிட அதிகம் என்பதால் அப்போது தெரியும் எண் சற்றுக் கூடுதலாக இருக்கும். நிறுத்தி, எண் நிலைத்த பிறகு படிக்க வேண்டும். தனியாக ஒரு நல்ல கேஜ் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் மெஷின் எப்போதும் இரண்டு கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்தால், அதையே ஒரு சிறு தாளில் எழுதி மெஷின்மேல் ஒட்டிவைத்துவிடலாம்.

இப்போது நின்றுபோன மெஷினும் எரிந்த ஃப்யூஸும். இவை சிறிய மோட்டார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். நீங்கள் இடைவெளி இல்லாமல் மூன்றாவது டயருக்குப் போனதோடு, 44 வரை தள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். அழுத்தம் ஏற ஏற மோட்டார் இழுக்கும் மின்சாரமும் ஏறும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலான கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர்தான். மெஷினில் 120 வாட் என்று இருந்தால் 10 ஆம்பியர், 180 வாட் என்று இருந்தால் 15 ஆம்பியர் இழுக்கும். ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து, அதே அளவுள்ள புதிய ஃப்யூஸை மாட்டினால் சாக்கெட் வேலை செய்யும். 15 இருந்த இடத்தில் 25 மாட்டாதீர்கள், கம்பியை முறுக்கிச் செருகவே செருகாதீர்கள். ஃப்யூஸ் எரியாமல் நின்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒயர் எரியும். உங்கள் மெஷின் சாக்கெட்டின் ஃப்யூஸைவிட அதிகமாக இழுக்கும் வகை என்றால், நேரடியாகப் பேட்டரியில் கவ்வும் கிளிப் உள்ள மெஷினுக்கு மாறுவதே முறை. சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி மெஷின் வாங்குவதாக இருந்தால், வெயிலில் நிறுத்தும் காரில் டேஷ்போர்டின்மேல் அதை விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பாருங்கள்.

உங்கள் ஸ்கூட்டருக்கும் பையனின் சைக்கிளுக்கும் இதே மெஷினைப் பயன்படுத்தலாம். ஸ்கூட்டர் வால்வும் கார் வால்வும் ஒரே வகை. கொள்ளளவு குறைவு என்பதால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். டியூப் உள்ள டயரில் வால்வு சாய்ந்து நின்றால், காற்றுக் குறைந்து ஓடியதால் டயரும் டியூபும் ரிம்மில் நகர்ந்திருக்கின்றன. அப்படியே அடித்தால் வால்வின் அடியில் டியூப் கிழியும். நம் ஊர் சாதாரண சைக்கிளின் வால்வு வேறு வகை, அதற்கு மெஷினோடு வரும் சிறிய இணைப்பு முனையை மாட்ட வேண்டும். சைக்கிள் டியூப் சில நொடிகளில் நிரம்பிவிடும் என்பதால், அளவை முன்பே அமைத்து, விரலை பட்டனிலேயே வைத்திருங்கள். ஹோஸை யாருடைய உடம்பை நோக்கியும் நீட்ட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவையுங்கள். பணிமனைகளில் கம்ப்ரசர் காற்றை விளையாட்டாக உடலுக்குள் செலுத்தி உயிர்கள் போயிருக்கின்றன. லாரி டயரை இதனால் தொடவே வேண்டாம். அதற்கு 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டும். காற்றிறங்கி ஓடிய லாரி டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. வேல்ஸில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் நூறாண்டுகளுக்கு முன் உதிரிச் சக்கரம் விற்ற கம்பெனியின் பெயர்தான் நம் ஊரில் இன்றும் அந்தச் சக்கரத்துக்கு நிலைத்திருக்கிறது. டயர்க் காற்றைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் இருந்தால், டியூப்லெஸ் டயர் உள்ள சிறிய வாகனங்களில் ஸ்டெப்னி இல்லாமல் விற்கலாம் என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அப்படிப்பட்ட காரானால் இந்த மெஷின்தான் உங்கள் ஒரே துணை. ஸ்டெப்னி இருக்கும் காரென்றால், மற்ற நான்குக்கும் அடிக்கும் அதே காலையில் டிக்கியைத் திறந்து அதையும் அளந்துவிடுங்கள். அது குறுகலான தற்காலிகச் சக்கரம் என்றால் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. கேட்கும், சரியான அளவு அந்தச் சக்கரத்திலேயே எழுதியிருக்கும். உங்கள் மெஷின் அதற்கு வழக்கத்தைவிடச் சிரமப்படும் என்பதால், அதை முதலில் அடித்து, மெஷினை ஆறவிட்டு, பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.